கடுக்காய் பொறுக்கியவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் உள்ள கல்லூரி அது. பெயர் வேண்டாம். அங்கே எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளுக்கு ‘நீடித்த விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் வந்து பேசுங்கள் என்று அழைத்திருந்தார்கள். நான் போனபோது பேராசிரியர் பலகையில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். ஆறு கட்டங்கள், நடுவே அம்புக்குறிகள். மூலப்பொருள் வழங்குநர், டேனரி, ஷூ கம்பெனி, ஏற்றுமதியாளர், பிராண்ட், வாடிக்கையாளர்.

முதல் கட்டத்தைக் காட்டி, “இதுக்குள்ள யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேட்டேன். “தோல் மண்டிக்காரர் சார்” என்றான் ஒரு பையன். “ஸ்லாட்டர் ஹவுஸ்” என்றான் இன்னொருவன். கடைசி வரிசையில் ஜவ்வாது மலையிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் இருந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: “எங்க பாட்டி கடுக்காய் பொறுக்குனவங்க சார். அது டேனரிக்குத்தான் போச்சுன்னு சொல்வாங்க. அவங்க இதுல வருவாங்களா?”

வகுப்பு சிரித்தது. கடுக்காய் என்றால் நம்மூரில் ஏமாற்றுவது என்றும் பொருள், சிரிப்புக்கு அது போதும். அந்த மணி நேரத்தில் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தோழர்களே, அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்றைய திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. வடக்கே பாலாறு, ஆற்றோரமாக வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனத் தோல் ஊர்கள். மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்பவர் என்று பொருள். சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், புளியும் கடுக்காயும் பொறுக்குவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வெள்ளாளர் வழி வந்தவர்கள் என்று ஒரு பழங்கதையும் அவர்களிடம் உண்டு. கீழே நம் சேரிகளைப் பார்க்கும் பார்வையில் அந்தக் கதையின் நிழல் சில நேரம் விழும். அதையும் மறைக்காமல் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சங்கிலியில் மலையும் சேரியும் அடுத்தடுத்த கண்ணிகள். ஆனால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

கடுக்காய்க்கும் தோலுக்கும் என்ன தொடர்பு? பச்சைத் தோலில் துவர்ப்புச் சத்து ஏறினால்தான் அது அழுகாமல் தோல்பொருளாகும். தென்னாட்டில் இதற்கு ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்கள். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வெளிர் நிறத்தில் அழகாக வரும், ஆனால் வெயில் பட்டால் சிவந்துபோகும். அப்படிச் சிவக்காமலிருக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முறை போட்டு எடுப்பார்கள். லண்டன் வியாபாரிக்கு அந்த வெளிர் நிறம்தான் முக்கியம். மலைக்காரி குனிந்து பொறுக்கிய காய் இல்லாவிட்டால் அந்த நிறம் நிற்காது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வியாபாரம் பெருத்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை பின்னர் பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டது. தோல் ஊர்களிலிருந்து பாதி பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுக்கு வந்து, கப்பலேறி, லண்டனில் ஏலம் போனது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று அங்கே அதற்கு ஒரு பெயர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்கு இது வேண்டுமென்று அரசாங்கமே இந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. பிரான்சின் பதுங்கு குழியில் நின்றவன் காலில் இருந்தது நம் ஊர் மாட்டின் தோல்.

அந்த மாடு செத்தபோது யார் தூக்கினார்கள்?

இதைப் பாடப்புத்தகம் ஒரு சொல்லில் முடித்துவிடும்: ‘கச்சாப்பொருள் சேகரிப்பு’. நம் பாட்டன்மார் அதை அப்படி அழைக்கவில்லை. ஊர்மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். தூக்கிப் போக வேண்டும், உரிக்க வேண்டும். மறுக்க முடியாது. அதற்கு ஈடாகத் தோல் உரித்தவனுக்குச் சேரும். அந்தத் தோலில் கவலை இறைக்கும் சாலும் செருப்பும் தைத்துக் குடியானவனுக்குக் கொடுக்க வேண்டும், அறுவடையில் களத்து மேட்டில் தானியம் கிடைக்கும். கொடுமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குள் தோல் என்ற ஒரு பொருளின் மீது தலித்துக்கு ஒரு பிடி இருந்தது. லண்டன் ஏலத்தில் விலை ஏறியதும் அந்தப் பிடி நழுவியது. தோல் விலைபோகும் சரக்கு என்று தெரிந்ததும் மாட்டுக்காரன் தன்னுடையது என்றான், தரகன் முன்பணம் கொடுத்து மடக்கினான். சேரியில் மிஞ்சியது தூக்கும் வேலையும் உரிக்கும் வேலையும் மட்டும். தீட்டு அப்படியே இருந்தது, பண்டம் கைமாறிவிட்டது.

சென்னை மாகாணத் தோல் தொழிலைப் பற்றி ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1904இல் ஒரு நூல் எழுதினார். கிராமத்துத் தோல் தொழிலாளி எப்படி நொடித்துப்போனான் என்பதைக் கவனித்தவர்களில் அவரும் ஒருவர். அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. சாலுக்கு நீண்ட நாள் உழைக்கும் தோல் வேண்டுமென்று குரோமியம் கொண்டு பதனிடும் முறையை அரசாங்கச் செலவில் இங்கே சோதித்துப் பார்த்தார். அரசாங்கம் வியாபாரத்தில் இறங்குவதா என்று வெள்ளைக்கார முதலாளிகள் முணுமுணுத்தார்கள். அந்தத் தொழிற்சாலை கைமாற்றப்பட்டது. பின்னாளில் பாலாற்றைக் கெடுத்த குரோமியம் முதலில் நம் கிணற்றுச் சாலுக்காகத்தான் வந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கை.

டேனரிக்குள் வேலை எப்படிப் பிரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உப்புத் தோலை ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு இறங்கி மிதிப்பது, மயிர் மழிப்பது, உள்பக்கத்துச் சதையைக் கத்தியால் சீவுவது ஆகிய ஈர வேலைகள் அனைத்தும் சேரியிலிருந்து வந்தவர்களுக்கு. காய்ந்த தோலை ரகம் பிரிப்பதும் கணக்கு எழுதுவதும் மேலே இருந்தவர்களுக்கு. சாதி இந்துக்கள் தீட்டென்று ஒதுங்கியதால் வியாபாரம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் கையில் வளர்ந்தது. இதை வைத்துப் பிரச்சினையை மதச் சண்டையாகத் திருப்ப முயல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்: அந்தத் தோலை ஏலம் எடுத்தவன் யார்? இன்று அந்த ஷூவுக்கு விலை வைப்பவன் யார்? ஈர வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்தத் தெருவுக்கு மேஸ்திரி போகிறார்? சாதி உழைப்பாளிகளையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டாரே, அதற்கு ஒரு டேனரியின் தரைப்படமே சாட்சி சொல்லும்.

மலைக்குத் திரும்புவோம். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு ‘ஒதுக்கப்பட்ட காடு’ ஆனது. காட்டை வெட்டிச் சுட்டு விதைக்கும் பழைய பயிர்முறை குற்றமானது. கடுக்காய், புளி, தேன், சீயக்காய் எல்லாம் ‘சிறுவனப் பொருள்’ என்று பெயர் பெற்று, பொறுக்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவர் அடிவாரத்துக் காண்ட்ராக்டர். பாட்டி தன் மலையில் தன் மரத்தடியில் பொறுக்கிய காயை அவரிடம்தான் போட வேண்டும், அவர் தராசில்தான் நிற்க வேண்டும். வெளியே விற்றால் திருட்டு. கவனியுங்கள், அதே காலத்தில் சமவெளியில் சேரிக்காரன் கையிலிருந்து தோல் போகிறது, மலையில் பழங்குடிப் பெண் கையிலிருந்து காய் போகிறது. இரண்டும் ஒரே டேனரிக் குழியில் வந்து சேர்கின்றன. இரண்டு பேருக்கும் லண்டன் விலை தெரியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு காண்ட்ராக்டர் இடத்தில் கூட்டுறவு வர வேண்டுமென்று லேம்ப் சங்கங்கள் வந்தன. 2006 வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள் மீதான உடைமை உரிமையை எழுத்திலேயே கொடுத்தது. எழுத்தில்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. உரிமை வந்து சேர்ந்தபோது டேனரிக்குக் கடுக்காய் முன்போல் வேண்டியிருக்கவில்லை.

அது எப்படி நடந்தது என்றால், 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு ஒரு பரிந்துரை செய்தது. பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுத் தோலாகவும் ஷூவாகவும் அனுப்ப வேண்டும், அப்போதுதான் நாட்டுக்கு லாபம் என்றார்கள். வாதம் தவறில்லை. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறும் தோல், குரோமியத்தில் சில நாட்களில் தயாராகும். உலகச் சந்தை கேட்ட மெல்லிய, வண்ணம் பிடிக்கும் தோலுக்குக் குரோமியமே வசதி. டேனரிகள் பெருகின. லாபம் நாட்டுக்கு வந்தது, உப்பும் குரோமியமும் பாலாற்றுக்கு வந்தன. மரப்பட்டைக் காலத்துக் குழிகள் மணந்தன என்று நான் சொல்லவரவில்லை. சுண்ணாம்பும் அழுகிய சதையும் அன்றும் ஆற்றுக்குத்தான் போயின. ஆனால் நிலத்தடி நீர் தலைமுறைக்கும் உப்பாகிப் போனது இந்தக் காலத்தில்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொல்லப்பட்டது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. அப்போது மாவட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989இல் பிரித்தபோது வைத்த பெயர். சேரிக் கிணறுகள் உப்பாகிக் கிடந்த மாவட்டத்துக்கு அவர் பெயர்! பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

தீர்ப்பின்படி ஓர் ஆணையம் அமைந்து, இழப்பீடு கணக்கிடப்பட்டது. வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய். ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம்கூட வராது. அதுவும் கெட்டுப்போன நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. நிலம் உள்ளவருக்கு நிலம் கெட்டது கணக்கில் வரும். அந்த நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவளுக்கு? பாலாற்று ஊற்றில் குடம் நிரப்பியவளுக்கு? பகல் முழுக்கச் சுண்ணாம்புக் குழியில் நின்று, இரவில் அதே குழியின் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தவருக்கு எந்த நெடுவரிசையிலும் இடமில்லை. கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும் என்பது நல்ல கோட்பாடுதான். யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் சாதி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, ஏனென்றால் இந்த மண்ணில் நிலம் சாதிப்படிதான் பிரிந்திருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கொடுக்காமல் விட்ட இழப்பீட்டை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்து, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து!

1996க்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, அதாவது சங்கிலியில் ‘பசுமை’ என்ற ஒரு புதிய கட்டம் முளைத்தது. 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன், ராணிப்பேட்டையில் அத்தகைய ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய தொட்டி, படுக்க அறை கொடுக்கப்படாதவர்கள் மேல் விழுந்தது. சுற்றுச்சூழல் அறிக்கையில் இது ஒரு விபத்து. தொழிலாளர் எங்கே தூங்கினார்கள் என்பது அந்த அறிக்கையின் கேள்வியே அல்ல.

அதே 2015, ஏப்ரல் 7. இப்போது ஜவ்வாது மலைக்காரர்களைத் தேடி நாம் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டுக்குப் போக வேண்டும். ஏனென்றால் மலையில் பிழைப்பு சுருங்கியபோது மலையாளி இளைஞர்கள் மரம் வெட்டும் கூலிக்குக் கீழே இறங்கினார்கள். கடுக்காய் போனதுதான் காரணம் என்று நான் எளிமைப்படுத்தமாட்டேன். சாமை விலை, பட்டா இல்லாத நிலம், பள்ளிக்கூடம், சாலை எல்லாம் இதில் உண்டு. முன்பு மலைகளில் சந்தன மரம் இருந்தது. வெட்டியவன் கூலிக்காரன், கடத்தியவன் வேறொருவன், அடி விழுந்தது மட்டும் ஊருக்கு. 1992 ஜூனில் சித்தேரி மலையடிவாரத்தில் இதே மலையாளி மக்களின் வாச்சாத்தியில் சந்தனத்தைத் தேடுகிறோம் என்று வந்த வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் பதினெட்டுப் பெண்களைச் சீரழித்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சந்தனத்துக்குப் பின் செம்மரம். அது சேஷாசலத்தில் விளையும்; கிழக்காசியாவில் மரச்சாமானுக்கும் இசைக்கருவிக்கும் பெரும் விலை. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அன்று சந்திரகிரி அருகே ஆந்திரச் சிறப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார்; ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் பல வீடுகளில் சாவு. சட்டவிரோத வியாபாரமும் ஒரு விநியோகச் சங்கிலிதான். ஏஜென்ட், வண்டி, கிடங்கு, துறைமுகம், வெளிநாட்டு வாங்குபவர் என்று அதற்கும் கட்டங்கள் உண்டு. மரத்தைக் காப்பது என்ற நல்ல நோக்கத்தின் பெயரில் துப்பாக்கி எந்தக் கட்டத்தை நோக்கித் திரும்பியது என்று பாருங்கள். கோடரி பிடித்தவனை. துறைமுகத்துக்குப் போகும் வழியில் குண்டு எதுவும் போகவில்லை.

வகுப்பறைப் படத்தில் எனக்குள்ள சண்டை இதுதான். அம்புக்குறி பொருள் போகும் திசையைக் காட்டுகிறது. பணம் எங்கே தங்குகிறது, பழி எங்கே இறங்குகிறது என்பதற்கு அதில் அம்புக்குறியே இல்லை. கடுக்காயிலும் தோலிலும் செம்மரத்திலும் நான் பார்த்தவரை பணம் மேலேயும் பழி கீழேயும்தான் போயிருக்கிறது.

இந்தத் துறையின் அறிஞர்களே ஓரளவு ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த சீயூரிங், முல்லர் இருவரும் 2008இல், அதுவரை வந்த 191 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் படித்தார்கள். பெரும்பாலானவை சுற்றுச்சூழலைப் பற்றியவை. மனிதரைப் பற்றி, அதாவது ‘சமூகப் பரிமாணம்’ பற்றி எழுதியவை சொற்பம். கரியமில வாயுவை டன்னில் அளக்கலாம், தண்ணீரை லிட்டரில் அளக்கலாம். தீட்டை எதில் அளப்பது? ஐந்து ஆண்டு கழித்து 2013 ஏப்ரலில் டாக்காவின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகுதான் மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் பட்டார்கள்.

தோலுக்கு 2005 முதல் ஒரு பன்னாட்டுச் சான்றிதழ் அமைப்பு இருக்கிறது, லெதர் ஒர்க்கிங் குரூப். பொன், வெள்ளி, வெண்கலம் என டேனரிகளுக்குத் தரம் கொடுக்கும். தொடங்கியபோது தண்ணீர், ரசாயனம், மின்சாரம் பார்க்கும் சுற்றுச்சூழல் தணிக்கையாகவே அது தொடங்கியது. தோல் எங்கிருந்து வந்தது என்று இறைச்சிக்கூடம் வரை தேடிப்போகும். மாட்டை உரித்தவர் யார், என்ன கூலி என்பது தேடலுக்கு அப்பால். செபி 2021இல் கொண்டுவந்த பொறுப்பறிக்கைப் படிவம் பெரிய கம்பெனிகளிடம் தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று கேட்கிறது. நல்லது. ஈர வேலையில் எந்தச் சாதியினர் எத்தனை பேர், மேலாளர் அறையில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்கள் அந்தப் படிவத்தில் தொழிலாளரே இல்லை. பெங்களூரின் சிவிடெப் முதலிய அமைப்புகள் 2016இல் அவர்களைப் பற்றி ஆய்வு வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பியக் கடைக்காரர்களுக்கு அப்படியொரு கூட்டம் இருப்பதே தெரிந்தது.

இங்கேதான் உங்கள் ஆய்வுக்கு வேலை இருக்கிறது. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தனக்கு நேரடியாகச் சரக்கு தருபவரிடம் உரிமை மீறல் நடக்கிறதா என்று கம்பெனி தானாகவே பார்க்க வேண்டும். அதற்கும் கீழே உள்ள கண்ணிகள், அதாவது டேனரிக்குத் தோல் தருபவர், வீட்டில் தைப்பவர், மலையில் பொறுக்குபவர் விஷயத்தில் ஆதாரமுள்ள தகவல் கைக்கு வந்தால்தான் செயல்படக் கடமை. சமூகப் பிறப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவது அந்தச் சட்டத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. சாதியை அதற்குள் வாதாடிக் கொண்டுவரலாம். ஆனால் ஆதாரமுள்ள தகவலை யார் உருவாக்குவது? நீங்கள் எழுதும் எம்.பி.ஏ. ஆய்வேடு, சங்கத்தின் துண்டறிக்கை, தேதியோடு எடுத்த கூலிச்சீட்டின் படம். யாரும் எழுதவில்லை என்றால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்பது சட்டப்படியே அவர்களுக்குத் தப்பும் வழி. இந்தச் சட்டத்தையும் 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டளையையும் தளர்த்த அங்கே முதலாளிகள் மும்முரமாக இருக்கிறார்கள். ஐரோப்பியக் கட்டளையின் நடைமுறை 2025இல் தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. ஆக, சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஆதாரத்தோடு சங்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல்லில் பார்த்தோம். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் மீது குற்றச்சாட்டு. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்குபவர்களோடும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் சாதி என்ற சொல் எழுத்தில் இருக்கிறது. பன்னாட்டு பிராண்ட் ஒன்று சாதிப் பாகுபாட்டைத் தன் சங்கிலியின் பிரச்சினை என்று ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எந்தத் தணிக்கைக்காரரும் அதைக் கொண்டுவரவில்லை.

ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தை. ‘நிலைத்தன்மை பற்றிய விழிப்புணர்வு உங்களுக்கு உண்டா? ஆம், இல்லை’ என்ற கேள்வித்தாளோடு டேனரி வாசலில் நிற்காதீர்கள். மேலாளர் கூட்டிவந்து நிறுத்தும் ஐந்து தொழிலாளர்களிடம் பேசிவிட்டு வராதீர்கள். சங்கிலியைக் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கித் தேடினால் கணக்குப் புத்தகம் எங்கே முடிகிறதோ அங்கேயே நின்றுவிடுவீர்கள். முதல் கையிலிருந்து முன்னோக்கிப் போங்கள். பேசியவரின் பெயரையும் தெருவையும் எழுதிவிட்டால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. உங்களுக்குப் பட்டம் கிடைத்துவிடும், அவருக்கு அடுப்பு எரியாது. எழுதியதை அவர்கள் மொழியில் திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். ஒரு முறை நான் அப்படிச் செய்யாமல் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டேன். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னதுல பாதியை நீ உட்டுட்டியே கண்ணு” என்றார். விட்டது எதை என்று கேட்டேன். கூலிக் கணக்கு அத்தனையும் நான் எழுதியிருந்தேன். அவர் சொன்ன இன்னொன்றை எழுதவில்லை: வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார் என்பதை.

சேரி தன் வேலையை நிறுத்தினால் முதல் கண்ணி எவ்வளவு பெரியது என்று ஊருக்குத் தெரியும். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். இனி நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்த மேலாண்மைப் பாடநூலிலும் ‘விநியோகத் தடங்கல்’ என்ற அத்தியாயத்தில் ஊனா வருவதை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் பிறகு எனக்கு எழுதினாள். கடுக்காய் பொறுக்கியவர்களிலிருந்து ஷூ வரை என்று ஆய்வுத் தலைப்பு கொடுத்தாளாம். ‘பாட எல்லைக்கு வெளியே உள்ளது, கார்பன் தடம் போன்ற தலைப்பை எடுக்கவும்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். 1882 சட்டம், 1996 தீர்ப்பு, ஜெர்மானியச் சட்டம் மூன்றையும் வைத்து முன்னுரையை மாற்றி மறுபடி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அனுமதி வந்தாலும் வராவிட்டாலும், காய் விழும் குளிர்காலத்தில் ஜமுனாமரத்தூருக்குப் போகப்போகிறாள். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, நினைவு நன்றாக இருக்கிறதாம். என்ன கேட்பது என்று கேட்டாள். விலையைக் கேட்பதற்கு முன்னால் தராசு யாருடையது என்று கேள், எடைக்கல்லை யார் வைத்தார்கள் என்று கேள் என்றேன். ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். பாட்டி ஆள் பெயரைச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த புளியமரத்தின் அடையாளத்தைச் சொல்லியிருக்கிறார்.